உறவுக்காரர் லாயத்தில் சைஸ் (குதிரையைப் பார்த்துக்கொள்பவர்) வேலைக்குச் சேர்பவருக்கு

ஃபேரர் பார்க்கில் 1843இல் தொடங்கிய சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயம் 1933இல் புக்கிட் தீமாவுக்கும் பிறகு கிராஞ்சிக்கும் இடம் மாறி, 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு முடிந்தது. அன்று ஓடியது நூறாவது கிராண்ட் சிங்கப்பூர் தங்கக் கிண்ணம். லாய வேலை மட்டும் முடிந்துவிடவில்லை. மலேசியாவில் சுங்கை பெசியிலும் ஈப்போவிலும் பந்தய லாயங்கள் இருக்கின்றன. சிங்கப்பூரிலேயே புக்கிட் தீமா சேடில் கிளப், போலோ கிளப் போன்ற இடங்களில் நாள்தோறும் குதிரைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த வேலைக்கு இன்றும் பெரும்பாலும் சொந்தம் வழியாகத்தான் ஆள் வருகிறது. மாமா ட்ரெய்னரின் உதவியாளர், சித்தப்பா தலைமை சைஸ், அண்ணன் காலையில் குதிரை ஓட்டுபவர் என்று ஒரு வீட்டு ஆட்களே ஒரே லாயத்தில் இருப்பதும் உண்டு.

அப்படிப்பட்ட லாயத்தில் புதிதாகச் சேர்பவருக்காக இதை எழுதுகிறோம். சொந்தக்காரர்கள் சேர்ந்து வேலை செய்யும் லாயத்தில் தவறுகள் வரும் வழி ஒன்றுதான்: ஒருவர் செய்திருப்பார் என்று இன்னொருவர் நினைத்துக்கொள்வது. வெளியாள் என்றால் கேட்டுவிடுவோம். அண்ணனைக் கேட்டால் "என்னை நம்பலையா" என்பாரோ என்று விட்டுவிடுவோம். விளைவு, ஒரு குதிரைக்கு இரண்டு முறை தீனி போகும். இன்னொன்றுக்குத் தண்ணீர் வாளி காலியாகவே கிடக்கும். கீழே சொல்லும் முறைகளில் பாதி குதிரைக்காக, மீதி இந்தக் கூச்சத்தை இல்லாமல் ஆக்குவதற்காக.

சேருமுன் பேசி முடிக்க வேண்டியவை

சம்பளம், வார ஓய்வு நாள், கூடுதல் நேரம், தங்கும் இடம் ஆகியவை தாளில் வேண்டும். "நம்ம மாமாதானே" என்று வாய்ப்பேச்சில் விட்டால், ஆறு மாதம் கழித்து வீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்து பஞ்சாயத்து பேச வேண்டியிருக்கும். சிங்கப்பூரில் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ வேலை செய்தால் சிபிஎஃப் (மத்திய சேமநிதி) கட்டப்படுகிறதா என்று பாருங்கள். மலேசியாவுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுற்றுலா அனுமதியில் போய் "சும்மா உதவிதான் செய்கிறேன்" என்பது செல்லாது; வேலை அனுமதி எடுத்துத்தான் லாயத்தில் வேலை செய்ய முடியும். பந்தய மன்றத்தின் லாயப் பகுதிக்குள் நுழைவதற்கும் உங்கள் பெயரில் பதிவும் அட்டையும் வேண்டும். சித்தப்பாவின் அட்டையைக் கடன் வாங்கி உள்ளே போனால் இருவருக்குமே வேலை போகலாம்.

யார் சொல்வதைக் கேட்பது என்பதை முதல் நாளே தெளிவாக்குங்கள். ஒரு குதிரைக்கு ஒரே ஒருவர்தான் உத்தரவு தர வேண்டும். பெரியப்பா ஒன்று, மாமா ஒன்று சொன்னால், "ரெண்டு பேரும் பேசிப் பலகையில எழுதிடுங்க, அப்படியே செய்யுறேன்" என்று மரியாதையாகச் சொல்லலாம். இதில் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

உடம்புக்கு: டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். அதன் கிருமி மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் சர்வசாதாரணம். நம் பக்கத்து ஈர மண்ணில் மெலியோய்டோசிஸ் கிருமியும் உண்டு. அது குதிரையையும் தாக்கும், மனிதரையும் தாக்கும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் மூடிக் கட்டி, பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்குங்கள். அந்தக் காலத்தில் வெறுங்காலோடு நின்றார்கள் என்று யாராவது சொன்னாலும் காலணியைக் கழற்ற வேண்டாம்.

பலகை

ஒவ்வொரு குதிரையின் கதவுக்கு வெளியேயும் அழித்து எழுதும் பலகை ஒன்று தொங்க வேண்டும். லாயத்தில் இல்லையென்றால் நீங்களே வாங்கி மாட்டுங்கள், பெரிய செலவில்லை. அதில் இருக்க வேண்டியவை: குதிரையின் பெயர், ஒவ்வொரு வேளைத் தீனியும் கிலோ கணக்கில், காலை மாலை உடல்வெப்பம், மிச்சம் வைத்த தீனி, கடைசியாக லாடம் அடித்த தேதி, கால்களில் ஏதும் மாற்றம், அன்றைய வேலை. தீனி வைத்தவர், வைத்த உடனே நேரத்தையும் தன் பெயரின் முதல் எழுத்தையும் எழுத வேண்டும். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றால் எழுதப்படவே மாட்டாது.

"மாமா, அஞ்சாம் நம்பருக்குத் தீனி வெச்சாச்சா?" என்று கூவிக் கேட்பதும் அதற்கு எங்கிருந்தோ "ஆச்சு, ஆச்சு" என்று பதில் வருவதும் கணக்கில் சேராது. அவர் நேற்றைய தீனியைச் சொல்லியிருக்கலாம், ஆறாம் நம்பரைச் சொல்லியிருக்கலாம். பலகையில் எழுத்து இல்லையென்றால் தீனி வைக்கப்படவில்லை என்று எடுத்துக்கொண்டு, வைக்குமுன் அந்த ஆளை நேரில் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

மருந்துக்குத் தனிப் புத்தகம். தேதி, நேரம், மருந்தின் பெயர், அளவு, வாய்வழியா ஊசியா, கொடுத்தவர், யார் சொல்லிக் கொடுத்தார் என்று ஏழு கட்டங்கள். பந்தயக் குதிரைக்குக் கால்நடை மருத்துவர் சொல்லாமல் எதையும் கொடுக்கக் கூடாது. அவர் தரும்போதும், எத்தனை நாள் கழித்து ஓடலாம் என்ற விவரத்தை அவர் வாயாலேயே கேட்டு அதே வரியில் எழுதி வையுங்கள்.

விடியற்காலையில் செய்யும் வரிசை

சிங்கப்பூரிலும் மலேசியத் தீபகற்பத்திலும் சூரியன் ஏழு மணி வாக்கில்தான் எழும். வெயில் ஏறுமுன் குதிரைகளை ஓட்டி முடிக்க வேண்டும் என்பதால் லாயத்தில் வேலை நல்ல இருட்டிலேயே தொடங்கிவிடும். விளக்கைப் போட்டதும் குதிரையைத் தொடாதீர்கள். கதவுக்கு வெளியே அரை நிமிடம் நின்று பாருங்கள்.

முதலில் தீனித் தொட்டி. நன்றாகத் தின்னும் குதிரை இரவுத் தீனியில் பாதியை மிச்சம் வைத்திருந்தால் அதுதான் அன்றைய முதல் செய்தி. அடுத்து தண்ணீர். அடுத்து சாணம்: குதிரை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை சாணம் போடும், இரவு முழுவதற்கும் ஒன்றிரண்டு குவியலே இருந்தாலும், உருண்டைகள் கட்டியாகக் காய்ந்திருந்தாலும் தலைமை சைஸிடம் சொல்லுங்கள். படுக்கைத் தூள் சுவரோரம் வாரிக் கலைந்து, குதிரையின் முதுகிலும் ஒட்டியிருந்தால் வயிற்றுவலியில் புரண்டிருக்கலாம்.

பிறகு பேச்சுக் கொடுத்துக்கொண்டே தோள்பக்கமாக உள்ளே போங்கள். பின்னால் இருந்து போகவே கூடாது. தலைக்கயிறு மாட்டி உடல்வெப்பம் எடுங்கள். வெப்பமானியில் நூல் கட்டி, நூல் நுனியில் உள்ள கிளிப்பை வாலில் மாட்டிவிட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளாது, கீழே விழுந்து உடையாது. ஓய்வில் இருக்கும் குதிரைக்கு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை சரி. ஆனால் அந்தக் குதிரையின் வழக்கமான காலை அளவைத் தெரிந்துகொள்வது இன்னும் முக்கியம். தினமும் 37.6 காட்டும் குதிரை ஒரு நாள் 38.4 காட்டினால், எல்லைக்குள்தான் என்று விட்டுவிடாதீர்கள். அன்று வேகமாக ஓட்டுவதா என்று ட்ரெய்னர் முடிவு செய்யட்டும்.

கால்களைத் தடவுவது காலை வேலையிலேயே நிதானம் அதிகம் கேட்பது. முந்தைய இரவின் பேண்டேஜை அவிழ்த்துச் சில நிமிடம் கழித்துத் தடவுங்கள். உடனே தொட்டால் கட்டின் சூடே கையில் தெரியும். முழங்காலுக்குக் கீழே, எலும்புக்குப் பின்னால் ஓடும் தசைநாண்களை மேலிருந்து கீழாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து இழுத்து வாருங்கள். ஒரே வேகம், ஒரே அழுத்தம். இடது காலை முடித்ததும் வலது கால். சூடு, வீக்கம், தொட்டால் காலை இழுத்துக்கொள்வது ஆகிய மூன்றில் எது ஒரு காலில் மட்டும் இருந்தாலும் அன்று சேணம் ஏறக்கூடாது. இரண்டு கால்களும் ஒரே மாதிரி லேசாக வீங்கியிருந்தால் பெரும்பாலும் இரவெல்லாம் நின்ற வீக்கம், நடந்தால் வடியும். ஆனாலும் பலகையில் எழுத வேண்டும். கீழே வேலை செய்யும்போது குந்தி உட்காருங்கள், முழங்கால் போடாதீர்கள். முழங்கால் போட்டவரால் சட்டென்று விலக முடியாது.

குளம்பைக் குதிங்காலில் இருந்து நுனி நோக்கிச் சுத்தம் செய்யுங்கள். நடுவில் உள்ள முக்கோணப் பகுதியின் பள்ளத்தில் கருப்பாக, அழுகிய நாற்றத்தோடு கசிவு இருந்தால் அது த்ரஷ் என்னும் குளம்பு அழுகல். நம் ஈரத்தில் வெகு சீக்கிரம் வரும். காரணம் பெரும்பாலும் நனைந்த படுக்கை. லாட ஆணி நுனிகள் எழும்பியிருக்கிறதா, லாடம் நகர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பந்தயக் குதிரைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை லாடம் மாற்ற வேண்டிவரும்.

குதிரையை நடத்தும்போது அதன் இடப்பக்கம் நில்லுங்கள். வலக்கை தாடைக்கு ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் கயிற்றைப் பிடிக்கட்டும். மிச்சக் கயிறு மடிப்பாக இடக்கையில். கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். குதிரை மிரண்டு பாய்ந்தால் மடிப்பு நழுவிவிடும், சுற்று விரலைப் பிடுங்கிவிடும்.

ஓட்டம் முடிந்து வந்ததும்

இங்கே குதிரைக்கு எதிரி வெயிலைவிட ஈரக்காற்று. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும்; காற்றே ஈரமாக இருந்தால் வியர்வை வழிந்து வீணாகும். கடுமையான வேலையில் ஒரு குதிரை மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்க்கும். ஓடி நிறுத்திய பிறகும் சில நிமிடங்கள் உடல்சூடு ஏறிக்கொண்டே இருப்பதால், வந்த உடனேயே தண்ணீர் ஊற்றுங்கள். கழுத்து, தோள், முதுகு, பின்தொடை என்று உடம்பு முழுவதும், நிறுத்தாமல். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று பெரியவர்கள் சொல்வது வெப்பத்தில் ஓடிய குதிரைக்குப் பொருந்தாது. உடம்பில் விழுந்த தண்ணீர் சூடேறி ஓடிவிட வேண்டும். அதன்மேல் புதுத் தண்ணீர் விழ வேண்டும். அதன் பிறகு நிழலிலோ விசிறிக்கு முன்னாலோ 20 முதல் 30 நிமிடம் நடத்துங்கள்.

குடிக்கத் தண்ணீரை மறுக்காதீர்கள். சூடாக இருக்கும்போது குடித்தால் வயிறு வலிக்கும் என்று பல லாயங்களில் வாளியை எடுத்து வைத்துவிடுவார்கள். நடக்கும்போது சில நிமிடத்துக்கு ஒரு முறை சில மடக்கு கொடுத்தால் ஒன்றும் ஆகாது. கொடுக்காமல் விட்டால்தான் குடல் வறண்டு வயிற்றுவலி வரும். இதைப் பற்றி மாமாவோடு மல்லுக்கட்ட வேண்டாம். கால்நடை மருத்துவர் வந்திருக்கும்போது, மாமாவும் பக்கத்தில் இருக்கையில், "டாக்டர், தண்ணி எப்ப குடுக்கலாம்?" என்று கேளுங்கள். பதில் டாக்டருடையது என்பதால் யார் முகமும் வாடாது.

இரண்டு கோளாறுகளை அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, வியர்வை நின்றுபோவது. குளிர்காலம் உள்ள நாடுகளில் பிறந்து இங்கே கொண்டுவரப்படும் குதிரைகளுக்கு வருவதுண்டு, இங்கேயே பழகியவற்றுக்கும் வரும். ஓடி வந்த குதிரையின் தோல் காய்ந்திருக்கும், ஆனால் மூச்சு நாய்க்கு இரைப்பதுபோல இரைக்கும். மயிர் சொரசொரப்பாகும். இதைக் கவனிக்காமல் வேகமாக ஓட்டினால் வெப்பத்தாக்கில் சுருண்டு விழலாம். இன்னொன்று, தசை இறுகிப்போவது. முதல் நாள் ஓய்வு, ஆனால் தானியத்தைக் குறைக்கவில்லை. மறுநாள் ஓட்டத்தில் பின்தொடைத் தசை கல்லாக இறுகி, குதிரை அடி எடுத்து வைக்க மறுக்கும். சிறுநீர் கோப்பி நிறத்தில் வரும். அந்த இடத்திலேயே நிறுத்தி மருத்துவரைக் கூப்பிடுங்கள். நடத்திச் சரிசெய்யலாம் என்று இழுத்தால் தசை மேலும் சிதையும்.

தீனி

தானியத்தைக் குவளையால் அளக்காதீர்கள், தராசில் நிறுங்கள். ஒரே குவளை ஓட்ஸும் ஒரே குவளை குருணைத் தீனியும் ஒரே எடை இருக்காது. தீனி மாற்றிய வாரத்தில் குவளைக் கணக்கை மாற்றாமல் விடுவதால் வரும் வயிற்றுவலிகள் நிறைய.

500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாள் ஒன்றுக்குக் காய்ந்த புல் 7.5 கிலோவுக்குக் குறையக் கூடாது. தானியமும் குருணையும் வேலையைப் பொறுத்தது. ஆனால் ஒரு வேளைக்கு 2 முதல் 2.5 கிலோவுக்கு மேல் வேண்டாம். குதிரையின் இரைப்பை உடம்புக்குச் சிறியது. மொத்தமாகக் கொட்டினால் மாவுச்சத்து செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, வயிற்றுவலியோ, குளம்புக்குள் அழற்சி வந்து நிற்கவே முடியாத நிலையோ ஏற்படும். மொத்தத் தானியம் 6 கிலோ என்றால் மூன்று வேளை கட்டாயம், நான்கு இன்னும் நல்லது. ஓய்வு நாளில் தானியத்தைப் பாதியாகக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். எந்தத் தீனியை மாற்றினாலும் 7 முதல் 10 நாளில் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

உப்பு மறக்கப்படுவது அதிகம். 500 கிலோ குதிரைக்கு நாளுக்குச் சுமார் 50 கிராம் சாதாரண உப்பு அடிப்படைத் தேவை. நன்றாக வியர்த்த நாளில் அதற்கு மேல் எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார். குதிரையின் வியர்வையில் உப்பு அதிகமாகப் போவதால், உடம்பில் நீர் குறைந்தும் அதற்குத் தாகம் எடுக்காமல் போகலாம். உப்பைத் தீனியில் கலந்து, பக்கத்தில் வெறும் தண்ணீர் எப்போதும் இருக்கும்படி பாருங்கள்.

தண்ணீர் ஓய்வில் 25 முதல் 30 லிட்டர், வேலையும் வெயிலும் சேர்ந்தால் அதைப்போல் இருமடங்கு. தானாக நிரம்பும் தொட்டி வசதிதான், ஆனால் எவ்வளவு குடித்தது என்று அது சொல்லாது. பந்தயம், பயணம், காய்ச்சல் என்றால் அந்த இரண்டு மூன்று நாளுக்கு வாளிக்கு மாறுங்கள்.

புல் மூட்டையைப் பிரித்ததும் முகர்ந்து பாருங்கள். நம் காற்றில் ஓரம் கிழிந்த மூட்டைக்குள் சீக்கிரமே பூஞ்சை ஏறிவிடும். பூஞ்சை புல்லை வெயிலில் போட்டு உதறிக் கொடுப்பது தவறு, எறிந்துவிடுங்கள். தூசி மட்டும் உள்ள புல்லைத் தண்ணீரில் பத்து நிமிடம் முதல் அரை மணி வரை ஊறவைத்து உடனே கொடுக்கலாம். ஊறிய புல்லை அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது, புளித்துவிடும்.

வயிற்றுவலி வந்த குதிரைக்குப் பூண்டு, பெருங்காயம், எண்ணெய் கலந்து பாட்டிலில் வாய்க்குள் ஊற்றும் பழக்கம் சில குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றும்போது அது மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரல் சீழ் பிடித்துக் குதிரை சாகலாம். தரையைக் கீறுவது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்து எழுவது தெரிந்தால் தீனியை எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். நாடியை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் 28 முதல் 44 வரை இருக்க வேண்டியது 60ஐத் தாண்டினால், தொலைபேசியில் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள். டாக்டர் வந்து பார்ப்பதற்குள் வலிமருந்து எதுவும் வேண்டாம்.

பேண்டேஜ்

கட்டத் தெரியாமல் கட்டுவதைவிடக் கட்டாமல் விடுவது மேல். உள்ளே பஞ்சு மெத்தை சுருக்கமில்லாமல், தோலோடு ஒட்டி இருக்க வேண்டும். பேண்டேஜைக் காலின் நடுவில், உள்பக்கத்தில் தொடங்குங்கள். பின்பக்கத் தசைநாண் மேல் தொடங்கவோ முடிக்கவோ வேண்டாம். சுற்றும் திசை முன்பக்கத்தில் இருந்து வெளிப்பக்கம், பிறகு பின்பக்கம். மேலிருந்து பார்த்தால் இடது காலுக்கு எதிர்க்கடிகாரச் சுற்று, வலது காலுக்குக் கடிகாரச் சுற்று. ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடட்டும். இழுவை முன் எலும்பின் மேல் இருக்கட்டும், பின்னால் தசைநாணை இழுக்காதீர்கள். மெத்தையின் ஓரம் மேலும் கீழும் சிறிது வெளியே தெரிய வேண்டும். முடித்ததும் ஒரு விரல் உள்ளே நுழைய வேண்டும். நுழையாவிட்டால் இறுக்கம், இரண்டு விரல் தாராளமாகப் போனால் இரவில் நழுவி ஒரு இடத்தில் கயிறாகத் திரளும். அப்படித் திரண்ட கட்டு ஒரே இரவில் தசைநாணைப் புண்ணாக்கும். 12 மணி நேரத்துக்கு ஒரு முறை அவிழ்த்துக் கட்டுங்கள். இழுத்தால் நீளும் நாடாவை மெத்தையில்லாமல் கட்டவே வேண்டாம்.

லாயத்துக்குள் நுழையக் கூடாத வீட்டுப் பொருட்கள்

பந்தயம் முடிந்ததும் எடுக்கும் சிறுநீர், ரத்தச் சோதனை மிக நுட்பமானது. ஊக்கமருந்து கொடுத்தவர்கள் மாட்டுவது இருக்கட்டும். எதுவும் கொடுக்காதவர்கள் தங்கள் வீட்டுச் சாமானால் மாட்டுவதைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

கோப்பி, தேநீரில் காஃபீன். மைலோவில் கோக்கோ, கோக்கோவில் தியோபுரோமின். இரண்டும் தடை செய்யப்பட்டவை. குவளையைத் தீனித் தொட்டி விளிம்பில் வைப்பது, மிச்சத்தை வாளியில் ஊற்றுவது, பிஸ்கட்டைப் பாசத்தோடு குதிரைக்கு நீட்டுவது எல்லாம் இதில் அடங்கும். பாக்கில் உள்ள அரிகோலினும் நரம்பைத் தூண்டும் பொருள். வெற்றிலை போடும் பெரியவர்கள் லாயத்துக்கு வெளியே போட்டுக் கொப்பளித்துவிட்டு வரட்டும். கசகசாவில் மார்ஃபின் தடயம் இருக்கும். சிங்கப்பூருக்குள் அதைக் கொண்டுவரவே தடை. மலேசியப் பக்கம் வேலை செய்பவர்களும் கசகசா அரைத்த குருமாவைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாமல் தீனி கலக்கக் கூடாது.

இடுப்பு வலிக்குத் தேய்க்கும் தைலத்தில் கற்பூரம், மென்தால், மெத்தில் சாலிசிலேட். சில களிம்புகளில் டைக்லோஃபெனாக் அல்லது மிளகாயின் காப்சைசின். தேய்த்த கையோடு கடிவாள இரும்பைப் பிடித்தால் அது நேராகக் குதிரையின் வாய்க்குள் போகிறது. வேலை முடிந்த பிறகு தேயுங்கள். வேலை நேரத்தில் தேய்த்தே ஆக வேண்டுமென்றால் சோப்புப் போட்டுக் கழுவிக் கையுறை மாட்டுங்கள். கடைசியாக ஒன்று, சொல்லக் கூச்சம் என்றாலும் சொல்லியாக வேண்டும்: குதிரை நிற்கும் அறையில் சிறுநீர் கழிக்காதீர்கள். மருந்து உட்கொள்ளும் ஒருவரின் சிறுநீர் நனைத்த படுக்கையையோ புல்லையோ தின்றதால் குதிரைக்குச் சோதனையில் மருந்து தெரியவந்த வழக்குகள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. நீங்கள் எடுக்கும் மருந்துகளின் பட்டியலைத் தலைமை சைஸிடம் கொடுத்து வையுங்கள். அவர் மாமனாரே ஆனாலும் கொடுத்து வையுங்கள்.

வாட்ஸ்அப் குழு

குடும்பக் குழுவில் குதிரையின் படம் போடாதீர்கள். வீங்கிய கால், மிச்சம் வைத்த தீனி, காலை ஓட்ட நேரம், ஜாக்கி மாற்றம் எல்லாம் லாயத்தின் ரகசியம். நீங்கள் அத்தைக்கு அனுப்பியது அவர் மருமகனுக்கும், அவன் கூட்டாளிக்கும் போய், பணம் வைக்கும் ஆட்கள் கைக்குச் சேர ஒரு மணி நேரம் போதும். ஜாக்கிகள் பந்தயம் கட்டத் தடை உண்டு. உங்கள் வேலைக்கு என்ன விதி என்பதை உங்கள் பந்தய மன்றத்தின் அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், உறவினர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உரிமம் இல்லாத புக்கியிடம் (பந்தயப் பணம் வாங்குபவரிடம்) கட்டுவது சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குற்றம்.

கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும் "இந்த வாரம் உங்க குதிரை எப்படி?" என்று கேட்பார்கள். எல்லாருக்கும், எல்லா வாரமும், ஒரே பதில்: "நல்லா இருக்கு மாமா, ஓடுறது அது கையில." ஒரு வாரம் மட்டும் தயங்கினாலும் அந்தத் தயக்கமே செய்தியாகிவிடும்.

பந்தய நாளும் பயணமும்

பந்தயத்துக்குச் சுமார் நான்கு மணி நேரம் முன்னதாகத் தானியம் நிறுத்தப்படும். தண்ணீரை எப்போது எடுப்பது என்று ட்ரெய்னரிடம் கேளுங்கள். சேணம் போடும்போது சேணத் துணியைச் சிறிது முன்னால் வைத்துப் பின்னுக்கு நகர்த்தினால் மயிர் படிந்திருக்கும். வார் இறுக்கியதும் இரண்டு முன்னங்கால்களையும் ஒவ்வொன்றாக முன்னால் இழுத்து விடுங்கள். வாரடியில் மாட்டிய தோல் சுருக்கம் விலகும். சில சுற்று நடந்த பிறகு வாரை மறுபடி பாருங்கள், கட்டாயம் தளர்ந்திருக்கும். சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டால் குதிரையை விட்டு ஒரு நொடியும் அகலாதீர்கள். மாதிரிப் புட்டியை மூடி முத்திரை வைப்பதைக் கண்ணால் பார்த்து, எண்ணைச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். முன்னால் நிற்பவர் தெரிந்த ஆள் என்பதற்காகப் பார்க்காமல் போட வேண்டாம்.

லாரியில் நெடுந்தூரம் போகும்போது தலையை உயர்த்திக் கட்டியே வைத்தால் சளி வடியாமல் நுரையீரலில் இறங்கிவிடும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி, தலையைத் தாழ்த்த விட்டு, தண்ணீர் காட்டுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு மூன்று நாளைக்குக் காலை மாலை வெப்பம் எடுங்கள். பயணக் காய்ச்சல் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் முகம் காட்டும்.

விசேஷ நாட்கள்

குடும்ப லாயத்துக்கு மட்டுமே உள்ள சிக்கல் இது. தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் எல்லாருக்கும் ஒரே நாளில் விடுமுறை வேண்டும். தங்கை கல்யாணம் என்றால் மொத்த லாயமும் பத்திரிகையில் பெயர் உள்ளவர்கள்தான். துக்க வீடு என்றால் முன்னறிவிப்பும் கிடையாது.

ஆண்டின் தொடக்கத்திலேயே தேதிகளைப் போட்டு, யார் தங்குவது என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு தீபாவளிக்குத் தங்கியவர் அடுத்த ஆண்டு தங்க வேண்டாம். உறவில்லாத ஒரு சைஸாவது எல்லாக் குதிரைகளையும் பழகியிருக்க வேண்டும். அவருக்கு மாதத்தில் இரண்டு நாள் உங்கள் குதிரைகளைக் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். மலாய், வங்காளச் சகோதரர்கள் இந்த நாட்களில் கைகொடுப்பார்கள். ஹரி ராயாவுக்கு நீங்கள் கைகொடுங்கள். அதனால் பலகையைத் தமிழில் மட்டும் எழுதாமல், எல்லாரும் படிக்கும் எண்களாலும் குறிகளாலும் எழுதுவது உதவும்.

விடுமுறைக்கு முந்தைய நாள் மாலையில், பொறுப்பேற்பவரோடு கதவு கதவாக நடங்கள். இது இடப்பக்கம் கடிக்கும், இதற்குப் பின்னங்கால் கூச்சம், இது தனியாக நின்றால் தீனி தின்னாது, பக்கத்து அறையில் ஒரு குதிரை வேண்டும் என்று சொல்லிக் காட்டுங்கள். அடுத்த மூன்று நாளுக்கான தானியத்தை வேளை வாரியாக நிறுத்துப் பைகளில் கட்டி, பையின் மேல் குதிரையின் எண்ணையும் வேளையையும் எழுதி வையுங்கள். மருத்துவர், லாடம் அடிப்பவர், ட்ரெய்னர் ஆகியோரின் தொலைபேசி எண்கள் சுவரில் இருக்கட்டும். உங்கள் எண்ணும் இருக்கட்டும், முகூர்த்த நேரத்திலும் கைத்தொலைபேசியை அணைத்து வைக்காதீர்கள்.